கண்ணுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

போன வருஷம் ஐப்பசியில் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து இங்கே ஹைதராபாத்துக்கு வந்திருந்தார்கள். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து சார்மினார் எக்ஸ்பிரஸ். வந்த மூன்றாம் நாள் காலை. ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, உன் வீட்டு வாசக்கால் நடுவுல வளைஞ்சு நிக்குதே, பில்டர்காரன் ஏமாத்திட்டானா?" என்றார்.

வாசக்கால் நேராகத்தான் இருந்தது. அப்பாவின் வலது கண்ணில்தான் கோளாறு.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, ஸ்கேன் எடுத்து, மூன்று மணி நேரம் காக்க வைத்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். விழித்திரையின் நடுவில் 'மாகுலா' என்று ஓர் இடம் இருக்கிறதாம். படிப்பது, முகம் பார்த்து ஆளை அடையாளம் தெரிந்துகொள்வது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை. வயதானால் சிலருக்கு அது தேய்ந்துபோகும். அப்பாவுக்கு வலது கண்ணில் அதோடு புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிய ஆரம்பித்துவிட்டன. இதையெல்லாம் விளக்கிவிட்டு, தெலுங்கில் ஒரு கேள்வி கேட்டார். "சிகரெட் அலவாட்டு உந்தா?"

மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "நாப்பத்தஞ்சு வருஷமா பிடிக்கிறேன்மா. அது நெஞ்சுக்குத்தானே கெடுதி? கண்ணுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதே சந்தேகம்தான். எஞ்சினியரிங் காலேஜில் ஆரம்பித்து 2011 வரை நானும் பிடித்தவன். நுரையீரல், வாய், இதயம் என்று பாக்கெட்டிலும் சினிமா கொட்டகையிலும் எல்லாம் சொன்னார்கள். கண்ணைப் பற்றி யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். இது ஏதோ நேற்று முளைத்த கண்டுபிடிப்பு அல்ல, 200 வருஷமாக டாக்டர்கள் சண்டை போட்டு, மறந்து, மறுபடி கண்டுபிடித்த விஷயம் என்று தெரிந்தது. நம்மைப் போல அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டியது என்று தோன்றியதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புகையிலை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 1604 வாக்கில் அசத் பேக் என்கிற அதிகாரி பீஜப்பூரிலிருந்து அதைக் கொண்டுபோய் அக்பரிடம் காட்டினார். அரண்மனை வைத்தியர் வேண்டாம் என்று தடுத்தும் அக்பர் ஒன்றிரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் தடையே போட்டார். தடை எந்த லட்சணத்தில் நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் கதையே தலைகீழ். செவில் நகரத்து வைத்தியர் நிக்கோலாஸ் மொனார்டெஸ் போன்றவர்கள் புகையிலையைச் சர்வரோக நிவாரணியாகவே கொண்டாடினார்கள்.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. இரண்டு முனையும் வெட்டப்பட்ட சுருட்டுக்கு அந்தப் பெயர். அது நம் 'சுருட்டு'தான்! தமிழிலிருந்து போய் ஆங்கில அகராதியில் உட்கார்ந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டுக்கு லண்டன் வரை மவுசு. உறையூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் இதுதான் பிழைப்பு. என் தாத்தா உறையூரில் சுருட்டு சுற்றியவர். அப்பா படித்தது, பிறகு நான் படித்தது எல்லாமே அந்தப் புகையிலைக் காசின் மேல் எழுந்ததுதான். ஆகவே புகையிலையைத் திட்டும்போது கொஞ்சம் தயக்கத்தோடுதான் திட்ட முடிகிறது.

ஷெர்லாக் ஹோம்ஸ் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1887இல் வந்த முதல் கதையான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே, கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். இதை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் யார் தெரியுமா? கண் மருத்துவம் படித்தவர். 1891இல் வியன்னாவுக்குப் போய்க் கண் வைத்தியப் பாடங்களைக் கேட்டுவிட்டு வந்து, லண்டனில் கண் டாக்டராகக் கடை விரித்தார். ஒரு நோயாளிகூட வாசல்படி ஏறவில்லை என்று பின்னால் அவரே எழுதியிருக்கிறார். சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் எழுதித் தள்ளிய ஹோம்ஸ் கதைகள்தான் சோறு போட்டன. அவரும் பைப் பிடித்தவர், அவர் ஹீரோவும் விடாமல் பிடிப்பவர். ஆனால் அந்தக் கடைக்கு நோயாளிகள் வந்திருந்தால், அவர்களில் ஒருவராவது புகையிலையால் பார்வை மங்கியவராக இருந்திருப்பார் என்று நம்பலாம். ஏனென்றால் அந்தக் காலத்தில் அது எல்லாக் கண் டாக்டரும் அறிந்த வியாதி.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியன்னாவின் கேயோர்க் ஜோசப் பேர் என்ற கண் மருத்துவர், புகையிலையும் மதுவும் பார்வையைக் கெடுக்கின்றன என்று சந்தேகப்பட்டார். அவருக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து வில்லியம் மெக்கன்ஸி. அங்கே 1824இல் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1830இல் இவர் எழுதிய கண் நோய்ப் புத்தகம் ரொம்ப காலத்துக்குப் பாடநூலாக இருந்தது. கண்ணைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஆனால் ஆளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகும். இப்படி வந்த ஆண்களில் நிறையப் பேர் விடாமல் புகையிலை உபயோகிப்பவர்கள் என்று கவனித்தார். விடச் சொன்னார். விட்டவர்களில் சிலருக்குப் பார்வை தேறியது.

அப்போது கண்ணுக்குள் எட்டிப் பார்க்கவே வழி கிடையாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 1851இல்தான் விழித்திரையைப் பார்க்கும் கருவியை உலகுக்குத் தந்தார். அது வந்த பிறகு லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் 1860களில் இப்படிப்பட்ட நோயாளிகளை வரிசையாகச் சேர்த்துப் பார்த்து, பார்வை நரம்பு வெளுத்துப்போவதற்குப் புகையிலை காரணம் என்று வாதிட்டார். (இதே ஹட்சின்சன்தான் கெட்டுப்போன மீனைத் தின்பதால் குஷ்டம் வருகிறது என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்து, அதை நிரூபிக்க இந்தியா வரைக்கும் வந்து போனவர். ஒரு விஷயத்தில் சரியாகச் சொன்னவர் எல்லாவற்றிலும் சரியாகச் சொல்வார் என்று இல்லை!) 1868இல் பிரெஸ்லாவ் நகரத்து ரிச்சர்ட் ஃபர்ஸ்டர், பார்வையின் எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்று அளந்தே காட்டினார். நடுப்பார்வைக்கும், எல்லோருக்கும் இயற்கையாக இருக்கும் குருட்டுப் புள்ளிக்கும் நடுவே ஒரு மங்கல். அதிலும் முதலில் போவது சிவப்பும் பச்சையும்.

அந்தக் காலத்துக் கண் வைத்தியர்கள் இதற்கு ஓர் அடையாளம் சொல்வார்கள். நோயாளிக்குத் தங்க நாணயம் எது, வெள்ளி நாணயம் எது என்று தெரியாமல் தடுமாற்றம் வரும். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. தாத்தா கடைசிக் காலத்தில் இரண்டு ரூபாய்ச் சிவப்பு நோட்டையும் ஐந்து ரூபாய்ப் பச்சை நோட்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்பார். பேரன்களான எங்களுக்கு அது லாபமாகத்தான் இருந்தது. 'தாத்தாவுக்கு வயசாயிடுச்சு' என்று சிரித்திருக்கிறோம். அது சாதாரணப் புரையாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது? யாரும் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை.

சிவப்பும் பச்சையும் என்றதும் ரயில்வே ஞாபகம் வருகிறதல்லவா? 1875இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியரின் நிறக்குருடு காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரென் என்ற பேராசிரியர் சந்தேகப்பட்டு, கலர் கலரான கம்பளி நூல்களைப் பொறுக்கச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தார். அதிலிருந்துதான் ரயில்வேக்காரர்களுக்கு நிறச் சோதனை என்பது பல நாடுகளில் பரவியது. பிறவியிலேயே நிறக்குருடு என்றால் வேலையில் சேரும்போதே தெரிந்துவிடும். ஆனால் புகையிலையால் வரும் மங்கல், வேலையில் சேர்ந்து 20 வருஷம் கழித்து, நாற்பது ஐம்பது வயதில் வருவது. சேரும்போது பாஸான டிரைவர் பின்னாளில் சிக்னல் தெரியாமல் போகலாம் என்பது விளையாட்டு விஷயம் இல்லை.

சரி, புகையிலை எப்படிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது? இதற்குப் பதில் கிடைக்க இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. வைட்டமின் பி-12 பிரித்தெடுக்கப்பட்டது 1948இல். அதன் பிறகு 1958இல், புகையிலையால் பார்வை மங்கியவர்களுக்கு இந்த வைட்டமின் குறைபாடு இருப்பதாகப் பிரிட்டிஷ் டாக்டர்கள் எழுதினார்கள். அதே வருஷம் இன்னொருவர், புகையில் இருக்கும் சயனைடுதான் குற்றவாளி என்றார். ஆம், சயனைடுதான்! புகையில் கொஞ்சமாக அது இருக்கிறது. நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவரின் உடம்பு அதை அவ்வப்போது செயலிழக்கச் செய்து வெளியே தள்ளிவிடும். அதற்குப் புரதத்தில் இருக்கும் கந்தகச் சத்து வேண்டும், பி-12 வேண்டும். சரியாகச் சாப்பிடாமல், குடித்துக்கொண்டு, கடும் புகையிலையும் பிடிக்கிறவரின் உடம்பில் அந்தச் சரக்கு இருப்பு இல்லை. நடுப்பார்வைக்கான நரம்பு இழைகள் மெல்லியவை, ஓயாமல் வேலை செய்பவை, ஆகவே அவைதான் முதலில் பட்டினி கிடக்கின்றன. 1967இல் மெக்கன்ஸியின் அதே கிளாஸ்கோவில், சயனைடைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும் ஹைட்ராக்ஸோகோபாலமின் என்ற பி-12 வகையைப் போட்டுப் பார்த்தார்கள். வழக்கமான பி-12ஐவிட அதில் குணம் நன்றாகத் தெரிந்தது.

பின்னாளில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. புகையிலையால் என்று முத்திரை குத்தப்பட்ட நோயாளிகளில் சிலருக்கு, தாய் வழியாக வரும் 'லீபர்' என்ற பரம்பரைப் பார்வை நரம்பு நோயின் மரபணு இருந்தது. அந்த மரபணு உள்ளவர்கள் எல்லோரும் பார்வை இழப்பதில்லை. ஆனால் புகைபிடித்தால் இழக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. பிறவியில் வந்த விறகுக்குப் புகைதான் தீக்குச்சி.

சாப்பாடு தேறத் தேற, அந்தப் பழைய வியாதி பணக்கார நாடுகளில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. புத்தகத்தில் ஒரு பத்தியாகச் சுருங்கியது. இனி அது சரித்திரம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோதுதான் கியூபா வந்தது.

1991இல் சோவியத் யூனியன் உடைந்தது. அதை நம்பியிருந்த கியூபாவுக்கு எண்ணெய் இல்லை, உணவு இல்லை. ஜனங்கள் பஸ் இல்லாமல் சைக்கிள் மிதித்தார்கள், சாப்பாடு அரைவயிறு. அந்தச் சமயத்தில், புகையிலை விளையும் மாகாணமான பினார் தெல் ரியோவில் சிலருக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. முதலில் வந்தவர்களில் அதிகம் பேர் புகைபிடிக்கும் ஆண்கள். 1992, 93இல் நாடு முழுக்கப் பரவி, 50,000க்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. பாதிப் பேருக்குக் கண், மற்றவர்களுக்குக் கை கால் நரம்பு. வைரஸா, விஷமா என்று உலகத்து நிபுணர்கள் எல்லாம் போய் இறங்கினார்கள். ஆராய்ந்து பார்த்ததில் காரணம் ஒன்றல்ல, இரண்டு. உணவில் பி வகை வைட்டமின்கள் குறைவு, அதோடு புகை, முக்கியமாகச் சுருட்டு. தனி ரேஷன் கிடைத்த குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டார்கள் என்பதே பெரிய தடயம். 1993இல் அரசாங்கம் நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் வைட்டமின் மாத்திரை கொடுத்தது. புது நோயாளிகள் வருவது சரசரவென்று குறைந்தது.

மெக்கன்ஸி 1830களில் கண்டது, 160 வருஷம் கழித்து ஒரு நாட்டையே உலுக்கியது. வயிறு நிறைந்திருக்கும்வரை புகையின் சில கெடுதல்கள் ஒளிந்துகொண்டிருக்கும் என்பதுதான் இதில் பாடம். ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்கள் 'பசியில்லை' என்று இரண்டு வேளை காபியும் பீடியுமாக ஓட்டுவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி இரண்டாவது அத்தியாயம். அப்பாவின் வியாதிக்கும் இந்தப் பழைய வியாதிக்கும் சம்பந்தம் இல்லை. அது பார்வை நரம்பு, இது விழித்திரையின் நடு. புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று டாலும் ஹில்லும் 1950இல் காட்டிவிட்டார்கள். அமெரிக்க அரசின் புகழ்பெற்ற சர்ஜன் ஜெனரல் அறிக்கை 1964இல் வந்தது. அதில் கண்ணுக்குக் கிடைத்தது சில வரிகள்தான். பழைய மங்கல் நோயைச் சொல்லி, சோதனைகளில் நிரூபணம் ஆகவில்லை என்று விட்டுவிட்டார்கள். புரை, மாகுலா எல்லாம் வயசானால் வருவதுதானே என்று யாரும் சிகரெட் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்க வைத்தவர்களில் மீனவர்களும் உண்டு. அமெரிக்காவில் மேரிலாந்து பக்கம் செஸபீக் விரிகுடாவில் நண்டும் சிப்பியும் பிடிக்கும் 838 பேரை ஆராய்ந்தார்கள். கண்ணில் வெயில் பட்டால் புரை வருமா என்பதுதான் அசல் கேள்வி. வெயிலால் ஒரு வகைப் புரை வருகிறது என்று 1988இல் தெரிந்தது. அதே ஆட்களின் புகைப்பழக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, லென்ஸின் நடுக்கருவில் வரும் புரை புகைக்கிறவர்களுக்கு அதிகம் என்று 1989இல் வெளியிட்டார்கள். வெயிலைத் தேடிப் போனவர்கள் கையில் புகை அகப்பட்டது.

1992இல் இரண்டு பெரிய ஆய்வுகள் சேர்ந்தே வந்தன. ஒன்று 22,071 ஆண் டாக்டர்களை 1982 முதல் பின்தொடர்ந்தது. இன்னொன்று 1 லட்சத்து 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளை 1976 முதல் பின்தொடர்ந்தது. தினம் 20 சிகரெட்டும் அதற்கு மேலும் பிடித்த டாக்டர்களுக்குப் புரை வருவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ரொம்ப நாள் பிடித்த நர்சுகளுக்குப் புரை ஆபரேஷன் தேவைப்படுவதும் கூடுதல். 1996இல் அதே டாக்டர்கள், அதே நர்சுகள், இந்த முறை மாகுலா. நாளுக்கு ஒரு பாக்கெட்டும் அதற்கு மேலும் ஊதியவர்களுக்கு மாகுலா தேய்மானம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. நடுவில் 1993இல் நெதர்லாந்திலிருந்து இன்னொன்று வந்தது. தைராய்டு கோளாறு உள்ளவர்களில் சிலருக்குக் கண் பிதுங்கி வெளியே வருமே, அது புகைபிடிப்பவர்களுக்குப் பல மடங்கு அதிகம்.

ஏன் இப்படி? லென்ஸும் விழித்திரையும் வாழ்நாள் முழுக்க வெளிச்சத்தில் வேகும் உறுப்புகள். அந்தச் சேதத்தைத் தாங்க உடம்பு சில சத்துகளைக் காவலுக்கு வைத்திருக்கிறது. புகை அந்தக் காவலர்களைத் தின்று தீர்க்கிறது. புகையிலையில் இருக்கும் காட்மியம் என்ற உலோகம் லென்ஸில் போய்ச் சேருகிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. நிக்கோடின் குழாய்களைச் சுருக்குகிறது. மாகுலாவுக்குப் பின்னால் இருக்கும் ரத்தப் படுகை உடம்பிலேயே மும்முரமான ஓட்டம் உள்ள இடங்களில் ஒன்று. அங்கே குறை வந்தால் தாங்காது.

'அதெல்லாம் வெள்ளைக்காரன் கண், நம்ம கண்ணுக்கு என்ன' என்று கேட்பவர்களுக்கு, நான் இருக்கும் இந்த ஊரிலேயே பதில் இருக்கிறது. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 1996 முதல் 2000 வரை, ஹைதராபாத்திலும் ஆந்திராவின் மூன்று கிராமப் பகுதிகளிலும் 10,000க்கு மேற்பட்டவர்களின் கண்ணைச் சோதித்தது. அதிலிருந்து 2005இல் வந்த கட்டுரையில், புகைப்பவர்களுக்குப் புரை கூடுதல் என்று எழுதினார்கள். நம் சுருட்டு இங்கே 'சுட்டா'. ஸ்ரீகாகுளம் பக்கம் சில பெண்கள் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பதைப் பார்த்து முதல்முறை அரண்டே போனேன்.

பெண்கள் என்றதும் அம்மா. அவர் வாழ்க்கையில் சிகரெட்டைத் தொட்டது அப்பாவின் சட்டைப் பையைத் துவைக்கப் போடும்போதுதான். ஆனால் 1989இல் டெல்லியில் நடந்த புரை ஆராய்ச்சி, விறகு, வறட்டி போன்ற மலிவான எரிபொருளில் சமைக்கும் வீடுகளில் புரை அதிகம் என்று கண்டது. 2006இல் பிரிட்டனில் வந்த இன்னொன்று, புகைப்பவரோடு வாழ்ந்த, தான் புகைக்காதவர்களுக்கும் மாகுலா நோய் வாய்ப்பு கூடுதல், ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. அம்மா பத்து வருஷம் விறகடுப்பு, 45 வருஷம் அப்பாவின் பக்கத்து நாற்காலி. அடுத்த வாரமே அம்மாவையும் சோதனைக்குக் கூட்டிப் போனேன். நல்லவேளை, ஆரம்பப் புரை மட்டும்தான்.

அமெரிக்க அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். 1964இல் கைவிட்ட கண்ணை, 40 வருஷம் கழித்து 2004இல் எடுத்துக்கொண்டார்கள். புகைபிடித்தால் புரை வருகிறது, சந்தேகமில்லை என்று எழுதினார்கள். மாகுலாவுக்கு அப்போதும் 'இருக்கலாம்' என்றுதான். அதற்கும் 'சந்தேகமில்லை' என்ற முத்திரை விழுந்தது 2014 அறிக்கையில். ஆஸ்திரேலியா 2006 முதலே பாக்கெட்டில் கண்ணின் படத்தைப் போட்டு, குருடாகிவிடுவாய் என்று அச்சடித்தது. ஐரோப்பிய யூனியனும் 2016 முதல் பார்வை இழப்பு எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டது. இந்தியாவில் 2003இல் சட்டம் வந்தது, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் தடை, 2009இல் பாக்கெட்டில் படம், 2016 முதல் பாக்கெட்டின் 85 சதவீதத்துக்குப் படம். அத்தனையிலும் நான் பார்த்தது நுரையீரல், வாய், தொண்டைதான். கண்ணைப் பார்த்ததில்லை.

இது ஒரு நஷ்டம் என்றே நினைக்கிறேன். 2007இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பிள்ளைகளிடம் கேட்டார்கள். புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று 81 சதவீதம் பேருக்குத் தெரிந்திருந்தது. பார்வை போகும் என்று தெரிந்தவர்கள் 5 சதவீதம்தான். ஆனால் எதற்கு அதிகம் பயம் என்று கேட்டால், குருடாவதற்குத்தான். சாவு எப்போதோ வருவது. கண் இல்லாமல் நாளைக் காலை எப்படி எழுந்து நடப்பது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிகிற பயம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அப்பாவுக்குக் கண் கோளாறு என்று கேள்விப்பட்டு, அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் பாசத்தோடு ஒரு பாட்டில் 'கண் வைட்டமின்' அனுப்பினான். டாக்டரம்மா லேபிளைப் பார்த்துவிட்டு இது வேண்டாம் என்றார். அதில் பீட்டா கரோட்டின் இருந்தது. மாகுலா தேய்மானத்தின் வேகத்தைச் சில வைட்டமின்கள் குறைக்கின்றன என்று 2001இல் ஒரு பெரிய சோதனை காட்டியது, அந்தக் கலவையில் பீட்டா கரோட்டின் உண்டு. ஆனால் 1994இலேயே பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதில் கூடியிருந்தது! அதனால் 2013இல் வந்த அடுத்த சோதனைக்குப் பிறகு, அதற்குப் பதிலாக லூட்டின், ஸீயாக்ஸாந்தின் சேர்த்த கலவையைத்தான் சொல்கிறார்கள். புகைப்பவரோ, முன்பு புகைத்தவரோ, கடையில் கேட்டு வாங்காதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். (கேரட் சாப்பிடலாம், மாத்திரைதான் பிரச்சினை.)

கடைசியாக, செய்ய வேண்டியவை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே புள்ளி வைத்து, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மற்றதால் அந்தப் புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். கோடு வளைந்தாலோ, நடுவில் அழிந்தாற்போல் இருந்தாலோ அந்த வாரமே கண் டாக்டர். இது ஸ்விட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் 1940களில் பரப்பிய சோதனை, காசு செலவில்லை. ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பதுதான் முக்கியம். அப்பாவுக்கு நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது, எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. 'ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். கசியும் வகைக்குக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து 2000களின் நடுவிலிருந்து இருக்கிறது. அது இருப்பதைக் காப்பாற்றும், போனதை முழுசாகத் திருப்பித் தராது.

விட்டால் பலன் உண்டா? 2006இல் வந்த அதே பிரிட்டிஷ் ஆய்வில், புகையை விட்டு 20 வருஷத்துக்கு மேல் ஆனவர்களின் மாகுலா அபாயம், புகைக்காதவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தது. எனக்கு அது 2031. தேசிய உதவி எண் 1800-11-2356, இலவசம்.

அப்பாவுக்கு ஐந்து ஊசி ஆகிவிட்டது. டாக்டரம்மா கேள்வி கேட்ட நாளிலிருந்து சிகரெட் இல்லை. 'உன் ஒருத்தரோட சிகரெட்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, வயசும் உண்டு' என்று டாக்டரம்மா சொன்னதை நான் அப்படியே மொழிபெயர்த்தேன். "அப்ப பாதிக் குத்தம்தானே என்னுது" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டோவில் பேசாமல் வந்தார். இப்போது உறையூர் வீட்டில், பூஜை அறைக் கதவில் என் மகள் ஒட்டிக்கொடுத்த கட்டத் தாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை போன் வரும். "இடது கண்ணுல கோடு நேராத்தான்டா இருக்கு. வலதுல கொஞ்சம் நெளியுது, போன வாரம் மாதிரியேதான்."

உங்கள் அப்பாவிடமும் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள்.